வேல்ஸ்காரர்களும் சூடான்காரர்களும்: ஓர் அட்டவணையும் அதைக் கெடுத்த ஒரு சாவும்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. கட்டுரையாகத்தான் வந்திருக்க வேண்டும். செந்தூரன் என்கிற பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"அண்ணே, உங்க ஊர்ல வேல்ஸ்காரங்களும் இருக்காங்க, சூடான்காரங்களும் இருக்காங்கன்னு சொன்னீங்கள்ல? ரெண்டு பேரையும் ஒப்பிட்டு ஒண்ணு எழுதுங்க. வருமானம், படிப்பு, சொந்த வீடு. யாரு ஜெயிச்சா, யாரு பின்தங்கிட்டா. டேபிள் போட்டே குடுங்க. மூணாவதா நம்ம ஆளுங்களுக்கும் ஒரு கட்டம் போட்டுட்டா படிக்கிறவன் விடமாட்டான்."

ஜெயித்தது யார் என்று கேட்கிறார். இங்கே என்ன ஓட்டப்பந்தயமா நடக்கிறது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் தொடக்கம்: "அயோவா மாநிலத்தின் முடிவற்ற சோளக் காடுகளுக்கு நடுவே, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு, கண்களில் கனவுகளோடு —"

கனவாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "வேல்ஸ் வம்சாவளியினரின் சராசரிக் குடும்ப வருமானத்தைச் சூடான் வம்சாவளியினரோடு ஒப்பிடுகையில் —"

இந்த வாக்கியத்தை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராதா?

மூன்றாவது தொடக்கம்: "தயவு செஞ்சு இன்னிக்குப் போகாதீங்கப்பா என்று ரிஹாப் கெஞ்சினாள்."

இது மட்டும் நின்றது. நின்றதால்தான் வம்பு. அவள் யார், எங்கே போக வேண்டாம் என்கிறாள் என்றெல்லாம் நான் சொல்லியாக வேண்டும். கட்டுரை அன்றைக்கே செத்தது.

2

ரிஹாப், மாவட்டத் திட்ட அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. புள்ளிவிவரம் அவள் வேலை. ஐந்து வயதில் சூடானிலிருந்து வந்தவள். அப்பா பாபிகர் அங்கே மாட்டு டாக்டர், இங்கே டாக்சி ஓட்டுகிறார். அம்மா விதாத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். இனிமேல் அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதை, வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

விதாத் கேட்டுக்கொண்ட விதம் இது:

"நம்ம ஆளுங்களப் புதைக்கிற இடம் இருக்குன்னு என்னை அந்தப் பெரிய நகரத்துக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க. ரெண்டரை மணி நேரம். உங்கப்பன் கார் பாதி வழியில நின்னுரும். நான் பின்னாடி கிடப்பேன், இவரு பானெட்டத் திறந்து பாத்துட்டு நிப்பாரு."

"அம்மா, போதும்."

"எங்க வைக்கணும்னு சொல்றேன் கேளு. நீ வேலைக்குப் போற வழியில வை. தினம் வர வேணாம். காரை மெதுவா ஓட்டினாப் போதும்."

வேலைக்குப் போகிற வழியில் இருப்பது ஒரே ஒரு கல்லறைத் தோட்டம்தான். பெத்தேல் சபையுடையது. நூற்றெழுபது வருடத்து வேல்ஸ்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். கிழக்கு மூலை காலி. அதைத் தங்களுக்குத் தர முடியுமா என்று சூடான்காரர்கள் கேட்டிருந்தார்கள். கல்லறைக் குழுவில் ஐந்து பேர். அதில் மூத்தவர் மெர்ல் பியூ ஒரு கேள்வி கேட்டார். "இவங்க இங்கேயே இருப்பாங்களா? அம்பது வருஷம் கழிச்சு அந்த மூலையில புல்லு யாரு வெட்டுவா?"

குழு அந்தக் கேள்வியை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப, அலுவலகம் அதை ஓர் ஒப்பீடாக்கி, ஒப்பீட்டை ரிஹாப் தலையில் கட்டியது. தன் தாய்க்கு ஆறடி நிலம் கிடைக்குமா என்பதை அவளே அட்டவணை போட்டு நிரூபிக்க வேண்டும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சொந்தப் பிரச்சினை இருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவள் மேலதிகாரியிடம் சொன்னாள். "நீங்க அந்தச் சமூகத்து ஆளு, உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை எனக்கு.)

3

அட்டவணையைப் பற்றி. செந்தூரன், நீங்கள் கேட்டது வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானம்: வேல்ஸ் மேலே, சூடான் கீழே. சொந்த வீடு: அப்படியே. கல்லூரிப் படிப்பு: இங்கே ஒரு கூத்து. வந்தபோதே பட்டத்தோடு வந்த சூடான்காரர்கள் நிறைய. ஆனால் அந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்பதால் பாபிகர் "ஓட்டுநர்" என்ற வரியில் உட்கார்ந்திருக்கிறார். அதே ஆள்தான் போன வருடம் மெர்ல் வீட்டுப் பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டபோது போய் இழுத்துப் போட்டவர். அட்டவணைக்கு அது தெரியாது.

இன்னொரு வரியை ரிஹாப் சேர்த்தாள். "இன்னும் இதே ஊரில் வசிப்பவர்கள்." சூடான்: ஏறக்குறைய எல்லாரும். வேல்ஸ்: கைவிரல் போதும். படித்தார்கள், சம்பாதித்தார்கள், சிகாகோவுக்கும் டென்வருக்கும் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை பெத்தேலில் நாலு குரலில் பக்திப் பாட்டுக் கூட்டம் நடக்கும். ஆண்களின் மேல்குரலுக்கு ஆள் இல்லாமல் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு பையன்களைச் சம்பளத்துக்கு அழைத்து வருகிறார்கள். அதில் ஒருவன் கொரியாக்காரன், நன்றாகவே பாடுகிறான். ஜெயித்தவர்களின் நிலைமை இப்படி இருக்கிறது.

"இந்த வரி எதுக்கு?" என்றார் மேலதிகாரி. "கேட்டது பொருளாதாரம், சமூகம். இது ரெண்டுலயும் வரலையே."

வரி நீக்கப்பட்டது.

4

மெர்ல் பியூ எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். வெள்ளைக்காரக் கிழவர், சோளக் கம்பெனித் தொப்பி, இறுகிய வாய். வசதியாக இருந்தது. இரண்டு பக்கம் ஓடியது. மறுநாள் அலுவலகம் போகும்போது அவரே பெத்தேலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தோரு வயது. தன் தாத்தா, அத்தைகள், குழந்தையிலேயே போன தம்பி, எல்லார் தலைமாட்டிலும் குனிந்து குனிந்து வெட்டுகிறார். அவர் கேட்ட கேள்வியில் விஷம் இல்லை. புல் வெட்டுகிறவனின் கவலை அது. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். வில்லன் இல்லாமல் கதை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

குழுவில் ஓட்டெடுப்பு வெள்ளிக்கிழமை மாலை என்று முடிவானது. இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு என்று ஊருக்கே தெரியும். மிச்சம் மெர்ல்.

திங்கட்கிழமை காலை மெர்லின் மனைவி எல்டா, அடுப்படியில் விழுந்து இறந்தார்.

(இதை நான் வைக்கவில்லை. கதைக்காகச் சாவு வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த அம்மாள் தானாகவே போய்விட்டார்.)

5

"தயவு செஞ்சு இன்னிக்குப் போகாதீங்கப்பா" என்று ரிஹாப் கெஞ்சினாள். பாபிகர் வெள்ளை அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாவு வீட்டுக்குப் போகாம?"

"புதன்கிழமை நாலுலேருந்து ஆறு வரைக்கும் பாக்க வரலாம்னு போட்டிருக்காங்க. அப்பப் போங்க. அப்படித்தான் இங்க வழக்கம்."

"நாலுலேருந்து ஆறா? துக்கம் என்ன பல் டாக்டரா, நேரம் வாங்கிட்டுப் போக?"

"வெள்ளிக்கிழமை ஓட்டுப்பா. இப்பப் போய் நின்னா ஓட்டுக்காக வந்ததா நினைப்பாரு. அம்மாவுக்கு இடம் போயிரும். புரியுதா உங்களுக்கு?"

"அது வெள்ளிக்கிழமை. இது இன்னிக்கி."

உள்ளேயிருந்து விதாத்தின் குரல் வந்தது. "அவரு கிளம்பட்டும், ரிஹாப். எல்டா என் பக்கத்து நாற்காலியில உக்காந்து என் கையப் பிடிச்சவ. அவ தங்கச்சிக்கும் அதே சுத்திகரிப்புதான். நான் எழுந்திருக்க முடிஞ்சா நானே போயிருப்பேன்."

நமக்கு இது விளக்க வேண்டியதில்லை. அழைத்தால் போகிற வீடு வேறு, காதில் விழுந்ததும் செருப்பை மாட்டுகிற வீடு வேறு. ஆனால் அயோவாவில் அதை எவனுக்குச் சொல்வது? ரிஹாப் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்பா மேல் வந்த கோபத்தில் பாதி, அவர் சொன்னது சரி என்பதால் வந்தது.

6

போனது பாபிகர் மட்டுமல்ல. மதியத்துக்குள் மெர்ல் வீட்டு வாசலில் நாற்பது பேர். வெள்ளை அங்கியில் ஆண்கள், நம் புடவை மாதிரி சுற்றிய துணியில் பெண்கள். தங்கள் சூடான் சங்கத்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பெரிய பிளாஸ்கில் பால் டீ, ஒரு அண்டா நிறைய இனிப்புப் போண்டா. ஒவ்வொருவரும் கதவருகே போய் இரண்டு உள்ளங்கைகளையும் மெர்லின் முகத்துக்கு முன்னால் விரித்து, வாய்க்குள் ஓதிவிட்டு, போய் உட்கார்ந்தார்கள். ரிஹாப் எதிர்ச் சாரியில் காருக்குள்ளேயே இருந்தாள்.

மெர்ல் நேராக அந்தக் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம். துக்கத்துக்கு வந்திருக்காங்க."

"கையை நீட்டுறாங்களே."

"அது உங்க மனைவிக்காகப் பிரார்த்தனை. வாங்குறதுக்கு இல்ல."

"பாரும்மா, நான் ஒண்ணும் நேத்துப் பொறந்தவன் இல்ல. வெள்ளிக்கிழமைக்காக வந்தீங்கன்னா நேராச் சொல்லிருங்க. என் பொண்டாட்டி சாவை வச்சு ஓட்டுக் கேக்காதீங்க."

ரிஹாப் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "நான் போகாதீங்கன்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். அதைச் சொன்னதற்காக அவளுக்கே அவமானமாக இருந்தது.

மறுநாளும் வந்தார்கள். மெர்ல் கதவைப் பூட்டிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்தார்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாளும் வந்தார்கள். அன்று மத்தியானம் மெர்ல் கதவைத் திறந்து வெளியே வந்து, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் பாபிகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் போகவில்லை. வீட்டுக்குள் சத்தமே இல்லை, அதுதான் காரணம். டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி" என்றார்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார் பாபிகர்.

அவ்வளவுதான் பேசினார்கள். சியாட்டில் மகனும் டென்வர் மகளும் அன்று மாலை வந்து இறங்கினார்கள். வியாழன் அடக்கம். வெள்ளி காலை இரண்டு பேருக்கும் விமானம்.

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: மெர்ல் மனம் கரைந்து ஆதரவாகக் கை தூக்குகிறார், எல்லாரும் அழுகிறார்கள். துக்கம் கேட்டதற்குக் கூலியாக நிலம் கிடைத்தது என்று ஆகிவிடும். பாபிகர் என்னைக் காரில் ஏற்றமாட்டார்.

இரண்டாம் முடிவு: மெர்ல் எதிர்த்து ஓட்டுப் போடுகிறார். உலகம் கொடியது. இதை எழுத நான் எதற்கு?

மூன்றாம் முடிவு: மெர்ல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவர்கள் செய்த மாதிரியே —

சீ. இதை எழுதின கையை நானே தட்டிவிட்டேன். அழகாக இருக்கிறது என்பதே இதன் கோளாறு.

நடுவில் செந்தூரன் வேறு. "அண்ணே, டேபிள் எங்கண்ணே?"

"வருதுய்யா."

"நம்ம ஆளுங்க கட்டம்?"

அந்தக் கட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் தமிழ் வீடு பதினொன்று. எல்லா வரியிலும் வேல்ஸுக்கும் மேலே. போன மாதம் ஒருவருடைய அப்பா திருச்சியில் தவறினார். எங்கள் வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படம் வரிசையாக வந்து விழுந்தது. படத்துக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது, நாலிலிருந்து ஆறு என்று யாரும் போடவில்லை.

8

வெள்ளிக்கிழமை மாலை, பெத்தேலின் பின்னறை. தள்ளி வைக்கலாம் என்று குழுத் தலைவி லோர்னா சொல்லியும் மெர்ல் கேட்கவில்லை. ரிஹாப் அட்டவணையைப் படித்தாள். கடைசியில், நீக்கச் சொன்ன அந்த வரியையும் படித்தாள். மேலதிகாரி முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மெர்ல் கேட்டார். "இதுல என் பசங்க எங்க இருக்காங்க?"

"மேலதான். எல்லா வரியிலயும்."

"கடைசி வரியில?"

"அதுல இல்லை."

"காலையில கிளம்பிட்டாங்க" என்றார் மெர்ல். "நல்ல பசங்க. குறை சொல்லல." ஜன்னல் வழியே எல்டாவின் புது மண் தெரிந்தது. அதற்கு அப்பால் கிழக்கு மூலை.

"ஓட்டு எடுப்போம்" என்றார் லோர்னா. ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இரண்டு. "மெர்ல்?"

நான் அந்த அறையில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஒரு வாரமாக எல்லாரும் அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் சேர்ந்து. மூன்றாவது கட்டம் காலியாகக் கிடக்கிறது, அதில் உட்காரவேண்டிய ஆள் சாய்ந்துகொண்டு கதை படிக்கிறார்.

மெர்ல் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். லோர்னா எழுதிக்கொண்டார். ரிஹாபின் கைப்பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. விதாத் இரண்டாவது மணியிலேயே பொறுமை இழப்பவர். ரிஹாப் எடுத்து, லோர்னாவின் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள். பக்கத்தில் இருந்தது நான். நான் உங்களிடம் நீட்டுகிறேன்.

பிடியுங்கள். அந்த அம்மாள் கேட்கிறார்:

"ரிஹாப்? என்னம்மா சொன்னாங்க? என்னை எங்க வைக்கப் போறீங்க?"