கட்டைவிரல் அளவு ஆப்பிள்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கூடத்து மூலையில் இருந்த கூண்டின் கதவைத் திறந்துவிட்டான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பினான். இரண்டு கைப்பிடி காய்ந்த புல் போட்டான். ஆப்பிளை வெட்டி, விதையை எடுத்துவிட்டு, ஒரு துண்டு நறுக்கினான். வெர்னியர் அளவுகோலால் அளந்தான். நீளம் முப்பத்து நான்கு மில்லிமீட்டர், அகலம் இருபத்து மூன்று, தடிமன் இருபது. தட்டில் வைத்தான். புழுக்கையைப் பெருக்க விளக்குமாறை எடுத்தான்.

பெருக்க ஒன்றுமே இல்லை.

நேற்றுப் போட்ட புல் போட்டபடி கிடந்தது. முயல் மூலையில் பந்து மாதிரி குறுகி உட்கார்ந்திருந்தது. ஆப்பிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பெயர் மேனேஜர். வைத்தவள் அவன் மனைவி. வேலை எதுவும் செய்யாது, செய்கிறவர்களை முறைத்துப் பார்க்கும், கோபம் வந்தால் பின்னங்காலால் தரையை உதைக்கும், வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். அவள் போய் நாற்பது நாள். ஒரு சின்ன அறுவை சிகிச்சை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். மயக்கம் தெளியவே இல்லை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் ஒரு அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ‘புல் எப்பவும் இருக்கணும். பழம் தினம் ஒரு துண்டு போதும். கட்டைவிரல் மேல்கணு அளவு. விதை எடுத்துடு. திராட்சை, வாழைப்பழம், காய்ஞ்ச பழம் யார் குடுத்தாலும் வாங்காத. சாப்பிடலன்னா அன்னிக்கே டாக்டர்.’

அந்த அட்டையை அவன் ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தான். அவன் பிழைப்பே அதுதான். அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ‘சுமார்’ என்ற சொல்லை உதிர்ப்பவர்களை அவன் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் நாளே தன் கட்டைவிரலை வெர்னியரில் வைத்து மூன்று முறை அளந்து, சராசரி எடுத்து, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டான்.

அப்படியிருக்க முயலுக்கு ஏன் இப்படி ஆனது? யோசிக்கவே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை. திராட்சை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஏன் பழத்தோடு வருகிறார்கள் என்பது அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. போனவள் சாப்பிடப் போவதில்லை. இருப்பவனுக்குத் தொண்டையில் இறங்காது. மிச்சம் இருந்தது முயல் ஒன்றுதான். வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கக் கூசி முயலைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு எதையாவது நீட்டினார்கள். மாடி வீட்டு அம்மாள் வாழைப்பழத்தைத் தான் தின்றுவிட்டுத் தோலை நீட்டினாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த நண்பன், கார்ட்டூனில் விலங்கியல் படித்தவன், ஒரு கிலோ கேரட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லோரையும் தடுத்தான். தடுக்க முடியாமல் போனது இரண்டே பேரை: அவளுடைய அக்கா, அக்காவின் கணவரான சகலை.

போன ஞாயிறு சகலை ஒரு டப்பா திராட்சையோடு வந்தார். நாற்காலியில் சாய்ந்து, ஒன்று தன் வாய்க்கு, ஒன்று முயலுக்கு என்று முறை வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் சமையலறையிலிருந்து வருவதற்குள் பாதி டப்பா காலி.

“என்ன சகலை பண்றீங்க?”

“பழந்தானேப்பா! காட்டுல இருக்கற முயல் என்ன தராசு வச்சா திங்குது?”

“காட்டுல இருக்கற முயலுக்குத் திராட்சை டப்பாவுல வருதா?”

“இவனுக்கு எல்லாத்துலயும் ஸ்கேல் வைக்கணும்” என்று சகலை தன் மனைவியிடம் கண் சிமிட்டினார்.

அக்கா முயலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். “விடு தம்பி. ஆசையா திங்குது. அவ கடைசியா சொன்னதே இதத்தானே? ‘என் உசுரே மேனேஜர்கிட்டதான் இருக்கு, அத வாடவிடாதீங்க’ன்னு.”

இந்த வசனத்தை அவன் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கூடியிருக்கும். தொலைபேசியில் சொல்லும்போது ‘கண்ணீரோட’ என்பதும் சேர்ந்துகொள்ளும்.

“நீங்க அப்ப அங்க இல்ல. கீழ டீ வாங்கப் போயிருந்தீங்க.”

“சரி, நீதான் இருந்தியே. நீயே சொல்லு. என்ன சொன்னா?”

அவன் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தியா” என்றாள் அக்கா, வழக்கில் ஜெயித்தவள் மாதிரி.

இப்போது அவன் அந்த அக்காவைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மேனேஜர் சாப்பிடல. புழுக்கையும் போடல. உங்க வீட்டுத் திராட்சை பண்ண வேலையை வந்து பாருங்க.”

“ஐயோ! ரெண்டு பழம் குடுத்தா அதுக்கு...”

“ரெண்டா? உங்க வீட்ல அரை டப்பாவுக்குப் பேரு ரெண்டா?”

கால் மணி நேரத்தில் காரோடு வந்து நின்றாள். தலைகூடச் சீவவில்லை. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். நாற்பது நாளில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. ஒரு உயிரை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு உங்கள் பாசம் என்ற பெயரில் விஷம் வைத்தாயிற்று. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் தொட்டு வளர்த்தது என்று மூச்சு விடும் பொருள் ஒன்றும் இல்லை. அப்புறம் வந்து கட்டி அழ யாரும் கதவைத் தட்ட வேண்டாம். அக்கா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். அவன் மடியிலிருந்த பெட்டிக்குள் மேனேஜர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா முயலை மேசையில் வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“வயித்துல சத்தமே இல்ல. குடல் நின்னுபோச்சு.”

“திராட்சை, டாக்டர். ஞாயித்துக்கிழமை இவங்க...”

“இருங்க.” முயலை எடை மேசைக்கு மாற்றினார். “ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது. போன தடவ உங்க மனைவி கொண்டு வந்தப்ப ஒண்ணு அறுநூத்து இருபது. ரெண்டு மாசத்துல முன்னூறு கிராம். பின்பக்கம் பாருங்க, ஈரமா ஒட்டியிருக்கு. இது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை இல்ல. ரொம்ப நாளா இனிப்பு அதிகமாப் போயிருக்கு. பழம் ருசி கண்டுட்டா புல்ல ஒதுக்கிடும். புல்லு இல்லன்னா குடல் ஓடாது. திராட்சை கடைசில ஒரு தள்ளு தள்ளியிருக்கு, அவ்ளோதான். தினம் எவ்ளோ பழம் குடுக்கறீங்க?”

அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார். “கட்டைவிரல் மேல்கணு அளவு. முப்பத்து நாலு, இருபத்து மூணு, இருபது மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறினதில்ல. அவ எழுதி வச்சிட்டுப் போன அளவு.”

டாக்டரம்மா அவன் கையைப் பார்த்தார்.

“யாரோட கட்டைவிரல்?”

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி இது. அளந்தது இருக்கட்டும், எதோடு ஒப்பிட்டு அளந்தாய்? பதில் தெரியாமல் விழிப்பவர்களைப் பார்த்து அவன் உதட்டைச் சுழிப்பான்.

“அக்கா, கையக் காட்டுங்க” என்றான்.

அக்காவும் தங்கையும் ஒரே வளையலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அவள் பயந்துபோய்க் கையை நீட்டினாள். சட்டைப் பையில் வெர்னியர் இருந்தது. இருபத்து நான்கு. பதினைந்து. பன்னிரண்டு. பெருக்கிப் பார்க்கத் தாள் தேவைப்படவில்லை. மனைவி கொடுக்கச் சொன்னதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல், ஒரு நாள் விடாமல், கருவி வைத்துத் துல்லியமாகக் கொடுத்திருக்கிறான். சகலையாவது டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுமாராகத்தான் கொடுத்தார்.

“தம்பி, எவ்ளோ இருக்கு?” என்றாள் அக்கா.

“சின்னது.”

டாக்டரம்மா ஊசி இரண்டு போட்டார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். புல் பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். “வயித்தச் சூடா வச்சுக்கோங்க. அப்பப்ப நடக்க விடுங்க. சாயங்காலத்துக்குள்ள புழுக்கை போடணும். போடலன்னா யோசிக்காம தூக்கிட்டு ஓடி வாங்க. பழம் ஒரு மாசத்துக்கு நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. அதுக்கப்புறமும் வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். அதுவும்...” அக்காவின் கையைக் காட்டினார். “இந்த விரல் அளவு.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “இனிமே இந்த வீட்டுக்கு வந்தா வெறுங்கையோட வாங்க. வரலன்னாலும் பரவால்ல” என்று சொல்லி வைத்தாள். அவள் முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அவன் சிரிஞ்சால் ஊட்டினான். பாதி அதன் தாடையில் வழிந்தது. பாதி அவன் சட்டையில். மத்தியானம் மறுபடி ஊட்டினார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்வதற்கு அவனிடம் சரக்கு தீர்ந்திருந்தது.

மூன்று மணிக்கு மேனேஜர் எழுந்து நான்கு எட்டு வைத்தது. உட்கார்ந்துவிட்டது. மூன்றரைக்கு அக்கா தரையில் கவிழ்ந்து படுத்துக் கூண்டுக்கடியில் தேடினாள்.

நான்கே காலுக்கு, சோபாவின் காலருகே, மிளகு மாதிரி இரண்டு.

“தம்பி! போட்டுடுச்சு! தம்பி, இங்க வா, போட்டுடுச்சுடா!” சாவு விழுந்த வீடு என்பதையே மறந்து அக்கா கைதட்டினாள். கதவருகே போய்க்கொண்டிருந்த மாடி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவன் மண்டியிட்டு அந்த இரண்டையும் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ மனம் வரவில்லை. இன்னும் ஐந்து வந்தன. அப்புறம் மேனேஜர் ஒரு புல்லை இழுத்து, வேண்டாவெறுப்பாக, மெல்லத் தொடங்கியது.

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் சொல்லிட்டுத் திரியறது பொய்தான். எனக்குத் தெரியாதா? ஆனா கேக்கறாங்க தம்பி. எல்லாரும் கேக்கறாங்க. டீ வாங்கப் போயிருந்தேன்னு எப்படிச் சொல்றது?” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அது அவனுக்கு எரிச்சலாக இல்லை. “நிஜமா அவ ஒண்ணுமே சொல்லலியா?”

சொன்னாள். யாரிடம் சொல்வதற்கும் தகுதியான வார்த்தை இல்லை அது. அதனால்தான் அவன் வாயைத் திறக்கவில்லை. அறுவை அறையின் கதவு. தள்ளுவண்டியில் அவள். அவன் கையில் அவளுடைய மோதிரமும் தோடும் போட்ட உறை, கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஒன்று. அவன் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரியாக.

“காலைல மேனேஜருக்கு ஆப்பிள் குடுத்தியா?” என்று கேட்டாள்.

அவன் நிமிராமல், குடுத்தாச்சு, எழுதி வச்ச அளவுதான் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் அந்த விரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். வண்டியைத் தள்ளினார்கள். கதவு பாதி திறந்திருக்கும்போது அவள் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவன் கையெழுத்துப் போட்டான்.

அக்கா காத்திருந்தாள். மனைவி சொன்னது மாதிரியே அவன் சொன்னான்.

“அய்யய்யோ, அந்த விரல் இல்லடா மக்கு. என் விரல்.”