கடைசிப் பக்க விளம்பரம்

காலனிக் காலத்தில் அடிமைகள் தப்பித்ததைப் பற்றி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். நெறியாளர் அம்மா அதை மேசைமேல் தூக்கிப் போட்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா தப்பிச்சாங்கங்கறதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஒண்ணாவது காட்டு. இல்லைன்னா இந்த அத்தியாயத்தை எடுத்துடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடியவர்கள் எழுதி வைத்துவிட்டா ஓடுவார்கள்? ஆனாலும் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தேன். காலனிக் காலத்து வாரப் பத்திரிகை ஒன்றைப் படச்சுருளாக வைத்திருந்தார்கள். சுருளை இயந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் திரையில் படிக்க வேண்டும். தலையங்கம், ஆளுநர் அறிக்கை, நீதிமன்றச் செய்தி என்று ஒன்று விடாமல் மேய்ந்தேன். அடிமைகளெல்லாம் எசமானர் நிழலில் சுகமாக இருந்தார்களாம். கழுத்து வலிதான் மிச்சம்.

வீட்டில் வேறொரு தலைவலி. வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். காலையில் பேப்பர் வந்ததும் என் கணவர் நேரே வரி விளம்பரத்துக்குத் தாவினார்.

“நாட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கவே மாட்டீங்களா?”

“நாடு கிடக்கட்டும். ‘நாய் வளர்ப்போருக்கு வீடு இல்லை’ன்னு போட்டிருக்கான் பாரு. மனசுல இருக்கறதை இதைவிடப் பச்சையா எவன் சொல்லுவான்?”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் இதழின் கடைசியில் விளம்பரப் பக்கம் வந்தாலே கைப்பிடியை வேகமாகச் சுற்றித் தள்ளியிருந்தேன், மடச்சி.

அன்றே கிடைத்தாள். குதிரை விற்பனைக்கும் ஒயின் பீப்பாய்க்கும் நடுவே ஒரு தோட்ட முதலாளியின் அறிவிப்பு: ‘என் அடிமைப் பெண் ஓடிவிட்டாள். நன்றாகத் தைப்பாள். இடது தோளில் சூட்டுத் தழும்பு. கைக்குழந்தையோடு போயிருக்கிறாள். பிடித்துத் தருவோருக்கு வெகுமதி.’ சூடு போட்டது யார் என்று அந்த மகானுபாவன் சொல்லவில்லை.

நெறியாளரிடம் ஓடினேன்.

“ஓடினதுக்கு ஆதாரம், சரி. பிடிபடலைங்கறதுக்கு?”

மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

அடுத்த வாரத்து இதழிலும் அதே விளம்பரம். அதற்கடுத்த வாரமும். விளம்பரம் வந்தால் அவள் இன்னும் சிக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஓர் இதழில் அது இல்லை. அடுத்ததிலும் இல்லை. பிடித்துவிட்டார்களோ? அன்று சாப்பாடே இறங்கவில்லை.

சுருள் முடியும் தறுவாயில் அதே முதலாளி மறுபடி வந்தான். ‘முன்பிருந்தவள் இதுநாள்வரை அகப்படாதபடியால், தையல் தெரிந்த அடிமைப் பெண் விலைக்குத் தேவை. கைக்குழந்தை இல்லாதவளாக இருக்க வேண்டும்.’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார். பிரதி எடுத்துக்கொண்டு போய் நெறியாளர் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

“தப்பிச்சுட்டா,” என்றார். “அத்தியாயம் இருக்கட்டும்.”

கதவருகே போன என்னை மறுபடி கூப்பிட்டார். அவர் விரல் கடைசி வரியில் இருந்தது.

“கைக்குழந்தை வேணாம்னு கேட்டிருக்கான். அப்படின்னா எவளோ ஒருத்தி கையிலேருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டு அவளை வித்திருப்பாங்க. இல்லையா?”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விற்பனை விளம்பரங்களில் அந்த இன்னொருத்தியைத் தேட அதே சுருளை மறுபடி மாட்டினேன்.