முப்பத்தேழு லிஃப்டுகளும் ஒரு காலண்டரும்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குக் காலண்டர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எந்தத் தேதியில் எண்ணெய் விடவேண்டும், எதற்கு பிரேக் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக்குகளை அனுப்புவது அவள் வேலை. அவள் தும்மினால் எட்டு மெக்கானிக்குகள் எட்டுத் திசைக்கும் ஓடுவார்கள்.

இதற்கெல்லாம் அவள் நம்பியிருந்த சாஃப்ட்வேர் பிரளயத்துக்கு முந்தியது. காலையில் அதைத் தட்டி எழுப்பினால், அது கண்விழித்துச் சோம்பல் முறித்துத் திரைக்கு வருவதற்குள் ஒருவர் குளித்துச் சாப்பிட்டு, ஒரு கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்துவிடலாம். மார்ச் மாதத்தில், அதைச் செய்தவர்களே அதைக் கைகழுவினார்கள். புதிய பதிப்புக்கு மாறியே தீரவேண்டும்.

"வெளியாள் யாரையாவது வச்சு மாத்திடலாமா?" என்றார் முதலாளி.

"எதுக்கு சார்? இந்தப் பெட்டியில இருக்கற துணியை அந்தப் பெட்டிக்கு மாத்தற வேலை. நானே பண்ணிடறேன்."

பண்ணவும் பண்ணினாள். நீலக் கோடு ஒன்று நத்தை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: 'இருந்த பதிவுகள் 312. மாற்றப்பட்டவை 312.' ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அது நடந்து நாலு மாதம் ஆயிற்று.

இன்று அரைநாள் லீவு போட்டு, மாமியாரைப் பல் டாக்டரிடம் அழைத்து வந்திருந்தாள். மாமியாரின் கன்னம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. வாய் மட்டும் வீங்கவில்லை. டாக்டர் இருப்பது ஏழாவது மாடி. லிஃப்டில் அவர்களோடு ஒரு கறுப்புக் கோட்டு வக்கீலும், டாக்டரின் கண்ணாடித் தொட்டிக்காக ஒரு பை நிறையத் தண்ணீரில் இரண்டு தங்கமீன்களைத் தூக்கிப் பிடித்திருந்த மீன்கடைக்காரரும் ஏறினார்கள்.

லிஃப்ட் கிளம்பியது. சுவரில் அவள் கம்பெனியின் பராமரிப்பு அட்டை. பிள்ளையின் பரீட்சை மார்க்கைப் பார்க்கும் தாய் மாதிரி காலண்டர் அக்கா அதைப் பார்த்தாள். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு மெக்கானிக் கையெழுத்து. மார்ச், கையெழுத்து இருந்தது. ஏப்ரல், காலி. மே, காலி. ஜூன், ஜூலை இரண்டும் வெள்ளை வெளேரென்று அவளைப் பார்த்துச் சிரித்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலிதான்.

இந்தக் கட்டடம் நிரந்தர வாடிக்கை. பதினாறு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த மாதம், மற்ற நிரந்தர வாடிக்கைகளோடு தன் கையாலேயே பதிந்தது: 'மாதம் ஒருமுறை. முடிவுத் தேதி இல்லை.' அப்படியானால் நாலு மாதமாக மெக்கானிக்குக்கு இந்த வேலை போகவே இல்லையா? போன மாதம் ஸ்பேனர் என்கிற மூத்த மெக்கானிக் வந்து, "அக்கா, இப்பல்லாம் வேலை ரொம்பக் கம்மியா இருக்கே," என்றபோது, "புது சாஃப்ட்வேர்ப்பா, அப்படித்தான் வேலையைச் சுருக்கிக் குடுக்கும்," என்று பெருமையடித்தது அவள்தான். அந்த வார்த்தை இப்போது திரும்பி வந்து முதுகில் அறைந்தது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது. மீன்பையின் தண்ணீர் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டு மீன்களும் வாயைப் பிளந்தன. காலண்டர் அக்காவும் பிளந்தாள்.

"பல்லைப் பிடுங்கத்தானே வந்தேன், உயிரைப் பிடுங்கவா வந்தேன்?" என்றாள் மாமியார்.

வக்கீல் பொத்தான்களையெல்லாம் குத்திப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. அட்டையின் அடியில் 'அவசரத்துக்கு அழைக்க' என்று ஒரு எண் இருந்தது. தன் போனில் அதை அழுத்திக் காதில் வைத்தார்.

காலண்டர் அக்காவின் கைப்பை மணியடித்தது.

அது அவள் மேஜை எண். லீவு நாளில் அவள் கைபேசிக்கு வந்துவிடும். பயத்தில் மூளை அவளைவிட்டு இறங்கிப் போயிருந்ததால், பதினாறு வருஷப் பழக்கம் மட்டும் வாயைத் திறந்தது. "வணக்கம், சொல்லுங்க, எந்தக் கட்டடம்?"

ஒரு முழம் தள்ளி நின்ற வக்கீல் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கட்டடம்தாம்மா," என்றார்.

"நாம மாட்டிக்கிட்டோம்னு நமக்கே போன் போட்டுச் சொல்லிக்கிறோமா?" என்றார் மீன்கடைக்காரர். சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுபோனது.

அவள் ஸ்பேனரை அழைத்தாள். ஊரின் மறுகோடியில் இருப்பதாகவும், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னான். கைபேசியில் சார்ஜ் ஒன்பது சதவீதம். அதோடு புது சாஃப்ட்வேரின் காலண்டரைக் கைபேசியிலேயே திறந்து பின்னால் போனாள். ஒரு வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம். பதினாறு வருஷத்துக்கு முந்திய மாதத்தில் போய் நின்றாள். நிரந்தர வாடிக்கைகள் அத்தனையும் அங்கே படுத்திருந்தன. முடிவுத் தேதி இல்லாத பதிவை எப்படித் திரும்பத் திரும்பப் போடுவது என்று தெரியாத புதிய பதிப்பு, முதல் தடவையை மட்டும் வாங்கிப் பழைய வருஷத்தில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. பதிவு ஒன்றுக்கு ஒன்று. அதனால்தான் கணக்கு இம்மி பிசகவில்லை. முடிவுத் தேதி உள்ள வேலைகளெல்லாம் ஒழுங்காக வந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வராத வேலை வந்து கதவைத் தட்டவா போகிறது?

எண்ணினாள். முப்பத்தேழு லிஃப்டுகள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று. பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்று. பள்ளிக்கூடம் இரண்டு. நாலு மாதமாக யாரும் பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இந்த நிமிஷமும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

முதலாளிக்குப் போன் போட்டாள். மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "சார், முப்பத்தேழையும் இப்பவே நிறுத்தச் சொல்லணும்."

அந்தப் பக்கம் அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ பதறாதே," என்றார். "ஒரே நாள்ல அத்தனையும் நிறுத்தினா, நாலு மாசம் எட்டிப் பார்க்கலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். கம்பெனியை மூடிட்டுப் போகவேண்டியதுதான். முதல்ல பசங்களை விட்டு அட்டையில எல்லாம் பழைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம். அப்புறம் ஒவ்வொண்ணா, ரெண்டு வாரத்துல பார்த்து முடிச்சுடலாம்."

"அதுவரைக்கும் ஆளுங்க ஏறுவாங்களே சார்?"

"நாலு மாசமா ஏறலையா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. இத்தனை நேரம் பட்டதெல்லாம் வெறும் ஒத்திகை.

"வாயைத் திறந்தே, நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்," என்று வைத்துவிட்டார்.

சார்ஜ் நாலு சதவீதம். கணவனின் கடை மூடி இரண்டு வருஷம். வீடு அவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடியது. கையிலிருந்த போன் அம்மிக்கல்லாகக் கனத்தது.

"என்னடி, முகம் செத்துக் கிடக்கு?"

"அத்தை..." காதோடு சொன்னாள். கட்டடத்துக் காவலாளிகளுக்குத் தானே செய்தி அனுப்பிவிடலாம், ஆனால் அனுப்பினால் வேலை போய்விடும் என்பதையும் சொன்னாள்.

மாமியார் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "உன் புருஷன் வீட்ல சும்மா இருக்கறதை ரெண்டு வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். கூட நீயும் உட்காரு. எனக்குப் பழக்கம்தான். அனுப்பித் தொலை."

முப்பத்தேழு பதிவுகளிலும் அந்தந்தக் கட்டடத்துக் காவலாளியின் எண் இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தட்டினாள்: 'லிஃப்டை உடனே நிறுத்தி வையுங்கள். நாலு மாதமாகப் பராமரிப்பு நடக்கவில்லை. தவறு என்னுடையது.' அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருக்கையில் திரை கறுத்துப்போனது.

போயிற்றா, போகவில்லையா?

வக்கீல் தன் போனை நீட்டினார். வாங்கி என்ன செய்ய? எந்த எண் அவளுக்கு மனப்பாடம்? அடுத்த அரைமணி நேரம் அரை யுகம். எங்கோ கம்பி கிரீச்சிட்டால் அவளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி தெரிந்தது. தூரத்தில் ஏதோ தடாலென்றால் பள்ளிக்கூடம் இரண்டும் சரிந்தன. வேர்த்த வேர்வையில் அந்த மீன்களை இறக்கி நீந்தவிட்டிருக்கலாம்.

ஸ்பேனர் வந்து கதவை நெம்பி, ஒவ்வொருவராகக் கைகொடுத்து நாலாவது மாடியில் இறக்கினான். "பயப்படாதீங்க, கதவு சுவிட்சுல தூசி. அவ்வளவுதான். மாசாமாசம் துடைச்சிருந்தா நின்னிருக்காது."

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. நாலு மாடியையும் பறந்து இறங்கி, அவன் வண்டிக்குள் புகுந்து சார்ஜரைச் செருகினாள். மூச்சிரைக்க ஸ்பேனர் பின்னால் வந்து நின்றான். போன் கண்விழித்தது. பதில்கள் வந்து விழுந்தன. 'நிறுத்திட்டேன்.' 'நிறுத்தியாச்சு.' 'என்ன கொடுமைம்மா இது, எல்லாரும் என்னைத் திட்டறாங்க.' பிரசவ ஆஸ்பத்திரி, நிறுத்தியாயிற்று. பள்ளிக்கூடம் இரண்டும் நிறுத்தியாயிற்று. இவர்கள் மாட்டிய இதுவும் சேர்த்து முப்பத்தாறு. பதினோரு மாடிக் குடியிருப்பிலிருந்து மட்டும் சத்தமில்லை.

கூப்பிட்டாள். ஏழெட்டு மணி அடித்த பிறகு காவலாளி எடுத்தார்.

"இப்பதாம்மா செய்தியைப் பார்த்தேன். ஆனா லிஃப்டு மேலருந்து கிளம்பிடுச்சே. உள்ள ஆளுங்க இருக்காங்க. நடுவுல நிறுத்தவா, வரவிடவா?"

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். தேதி தெரிந்தவள் அவள்; இயந்திரம் தெரிந்தவன் அவன். "வரட்டும்," என்றான். "போனை மட்டும் வைக்காதீங்க."

"இப்ப எத்தனையாவது மாடி?" என்று கேட்டாள்.

"எட்டு... ஏழு... ஏழுலயே நிக்குதும்மா."

வண்டிக்கு வெளியே தெரு ஓடிக்கொண்டிருந்ததாம். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"யாரோ ஏறறாங்க போல. ஆ, கிளம்பிடுச்சு. ஆறு. அஞ்சு. நாலு."

மூன்று என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் இருமினார். அந்த இருமலில் அவளுக்குப் பாதித் தலை நரைத்தது.

"ரெண்டு... ஒண்ணு..."

கதவு விலகும் சத்தம். ஏதோ ஒரு குழந்தை, "நான்தான் அமுக்குவேன், நான்தான் அமுக்குவேன்," என்று அடம்பிடிப்பதும், ஒரு பெண் அதை அதட்டி இழுத்துக்கொண்டு போவதும் கேட்டது. அப்புறம் கடக்கென்று ஒரு சத்தம்.

"நிறுத்திட்டேம்மா. ஆளுங்க இறங்கிட்டாங்க."

காலண்டர் அக்கா வண்டியின் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். மாமியாரை நாலாவது மாடியிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. முதலாளி.

"எடுக்காதீங்க அக்கா," என்றான் ஸ்பேனர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்," என்றாள்.