முளைக்கு வெளியே ஒரு கட்டம்

கால் நசுங்கிய நாளிலிருந்து என் புருஷன் விங்கோ சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். ஆஸ்திரேலியாவில் கூபர் பெடி என்ற சுரங்க ஊரில் எங்கள் வீடு குன்றைக் குடைந்த வீடு. ஜன்னல் கிடையாது, சுவரை விட்டால் பார்க்க வேறு கதியும் கிடையாது. ஒரு வருஷத்துக்குச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக ஓபல் என்ற ரத்தினக் கல்லைத் தேடித் தோண்டிய மனுஷன், "ம்" என்பதைத் தவிர வாயே திறக்கவில்லை. வாயாடியைக் கட்டிக்கொண்டேனே என்று இருபது வருஷம் புலம்பியவள் நான். அவன் பேசாமல் கிடந்தது தாங்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கணினி நிரல் எழுதவும் சொல்லிக்கொடுப்பேன். தோண்ட முடியாதவனுக்குத் தோண்டும் விளையாட்டு ஒன்று செய்து கொடுக்கலாமே என்று தோன்றியது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூமியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாற்போல் கட்டம் கட்டமாக ஒரு படம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்: பூஜ்யம் என்றால் காலி, ஒன்று என்றால் மண், இரண்டு என்றால் ஓபல். அறுபது கட்ட அகலம், நாற்பது கட்ட ஆழம். ஒரே ஒரு ஓபலை உன் இஷ்டத்துக்கு எங்காவது புதைத்து வை என்று கணினியிடமே விட்டுவிட்டேன். தொப்பி வைத்த குட்டி ஆள் ஒருவன், பொத்தானை அமுக்கினால் எதிரே உள்ள கட்டத்தை உடைப்பான்.

மடிக்கணினியைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன். இரண்டு கட்டம் உடைத்தான். புருவத்தைச் சுளித்தான்.

"தோண்டின மண்ணு எங்கடி போச்சு?"

பதினாறு நாளுக்கு அப்புறம் முழுசாக ஒரு கேள்வி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறைஞ்சிடும்யா. விளையாட்டுதானே?"

"மறைஞ்சிடுமா? எந்த ஊர்ல? வாளி எங்க? மேல மண்மேடு எங்க? டீச்சராம், டீச்சர்."

மறுநாள் வாளியும் மேடும் எழுதிச் சேர்த்தேன். அடுத்த புகார் தயாராக இருந்தது.

"முளை எங்க? யாரு இடத்துல தோண்டறேன் நான்?"

நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்தால்தான் இங்கே இடம் உன்னுடையது. அதுவும் ஆளுக்கு ஓர் இடம்தான். பக்கவாட்டுப் படத்தில் இரண்டுதான் தெரியும் என்று சமாதானம் சொல்லி, இருபதாவது கட்டத்தில் ஒன்றும் நாற்பதாவதில் ஒன்றும் நட்டேன். ஓபல் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமலே நட்டேன், மடச்சி.

ஒரு வாரம் தோண்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. குறை சொல்வது குறைந்தது. முகம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியது. பயந்துபோய் எண்களைத் திறந்து பார்த்தேன். ஓபல் நாற்பத்தொன்றாவது கட்டத்தில் இருந்தது.

"விங்கோ, முளையத் தாண்டிக் கொஞ்சம் தோண்டிப் பாரேன்."

"அது என் இடமில்ல."

"யாரோடதும் இல்லய்யா! நான் எழுதினது. வெறும் நம்பர்."

"யாரோடதும் இல்லன்னா என்னுதாயிடுமா? முப்பது வருஷம் எலின்னு பேர் வாங்காதவன்டி நான். உன் பொம்மைக்காக வாங்கணுமா?"

அடுத்தவன் சுரங்கத்தில் புகுந்து திருடுகிறவனை நாங்கள் எலி என்போம். அதைவிடப் பெரிய வசவு எங்கள் ஊரில் இல்லை.

ஓர் எண்ணை மாற்றினால் ஓபல் முளைக்கு உள்ளே வந்துவிடும். விரல் பொத்தான் வரைக்கும் போனது. இப்படிப்பட்டவனை ஏமாற்ற மனசு வரவில்லை. இந்தக் கிறுக்குக்காகத்தானே அவனைக் கட்டிக்கொண்டேன்.

"அப்ப மூடி வச்சிடவா?" என்றேன்.

திரையில் முளைக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தான்.

"பக்கத்து இடத்துல நீ முளை அடி."

"நானா?"

"உன் பேர்ல. இன்னொரு ஆள எழுது. ரெண்டு பேரும் பங்காளி."

கல்யாணமான நாளிலிருந்து நானும் உன்னோடு இறங்குகிறேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். "சுரங்கத்துல உனக்கென்னடி வேலை?" என்பதுதான் எப்போதும் அவன் பதில்.

சிவப்புத் தொப்பியோடு இரண்டாவது ஆளை எழுதினேன். விங்கோ தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து உட்கார்ந்தான். கட்டுப் போட்ட காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டான்.

"வாளிய மெதுவா இறக்கு. என் தலைல போட்டுடாத. பாதிப் பங்குன்னா பாதி வேலை, ஞாபகம் வச்சுக்க. கூரையப் பாத்து வெட்டு..."

வாய் ஓயவே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

ஓபல் என் இடத்தில்தான், அவனுடைய முளையை ஒட்டிய முதல் கட்டத்தில் கிடந்தது. நினைத்தால் அரை மணியில் எடுத்துவிடலாம். டாக்டர் சொன்ன வருஷத்தில் இன்னும் பதினொரு மாதம் பாக்கி. என் ஆளை மறுகோடிக்கு, அறுபதாவது கட்டம் வரை நடத்திக்கொண்டு போய், அங்கிருந்து தோண்ட ஆரம்பித்தேன்.