கால்மாட்டுக் கயிறு

"அட்டையைக் குடு" என்று கை நீட்டிய ரோனா, கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. கெல்சியின் விரல்களிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். சமையலறையில் நின்ற உறவினர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்க்க ஏதோ இருந்தது.

"அது எனக்கு வந்தது" என்றாள் கெல்சி.

"நீ யாரு அவங்களுக்கு? கவுன்சில்காரங்க கொண்டாந்து விட்ட பிள்ளை. கால்மாட்டுக் கயிறு வில்லி மாமாவுக்கு."

சவ அடக்கம் நடத்தும் கெடஸ் தொப்பியைக் கையில் சுழற்றினார். "உங்க அம்மா போன வருஷமே சொல்லி வெச்சிருந்தாங்கம்மா. தலைமாடு ரோனாவுக்கு, கால்மாடு கெல்சிக்குன்னு."

"அம்மா இப்ப பெட்டிக்குள்ள இருக்காங்க. நான் சொல்றதக் கேளுங்க."

ஸ்காட்லாந்தின் இந்த வடக்குக் கரையில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவது கூலியாள் வேலையல்ல, சொந்தக்காரர்கள் வேலை. எட்டுப் பேருக்கு எட்டுக் கயிறு. தலைமாட்டில் ஒன்றாம் எண், கால்மாட்டில் இரண்டு, மீதி இரண்டு பக்கமும். யாருக்கு எது என்று அட்டையில் எண் எழுதிக் காலையிலேயே கொடுத்துவிடுவார்கள். செத்தவருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்பது ஊர் முன்னால் அப்படித்தான் தீர்ப்பாகும். இரண்டாம் கயிறு கிடைக்காத கோபத்தில் தம்பியோடு சாகும்வரை பேசாத அண்ணன்மார் இங்கே தெருவுக்கு ஒருவர் உண்டு.

ரோனாவின் அம்மா எல்ஸ்பெத் ஒரு வியாழக்கிழமை, கொடியில் துணி காயப்போடும்போது விழுந்தாள். பள்ளியிலிருந்து வந்த கெல்சிதான் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த தெருவிலிருந்து ரோனா ஓடிவந்தபோது, கெல்சி ஈரப் போர்வையைப் போர்த்தி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். அதற்காகவும் ரோனாவுக்குக் கோபம்தான்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பக்கமும் கல். ரோனாவுக்குப் பதினான்கு வயதானபோது ஒருநாள் அறைக் கதவை ஓங்கிச் சாத்தினாள். மறுநாள் எல்ஸ்பெத் திருப்புளி எடுத்து வந்து கீல்களைக் கழற்றிக் கதவைக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டாள். ரோனா கல்யாணமாகிப் போகும்வரை அந்த அறைக்குக் கதவே கிடையாது. உடை மாற்றக் குளியலறைக்குப் போனாள், அழவும் அங்கேதான் போனாள்.

அதே எல்ஸ்பெத் அறுபது வயதில், புருஷன் போன பிறகு, வளர்ப்புத் தாயாகப் போகிறேன் என்று கிளம்பினாள். ஆதரவற்ற பிள்ளைகளை வீடுகளில் ஒப்படைக்கும் கவுன்சில்காரர்கள் சும்மா விடுவார்களா? குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நாயைச் சீண்டிப் பார்த்தார்கள். போலீசில் விசாரித்தார்கள், டாக்டரைக் கேட்டார்கள், அவளுடைய அம்மா அவளை எப்படி வளர்த்தாள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். பெற்ற மகளிடமும் பேச வேண்டும் என்றார்கள். எனக்கு நேரமில்லை என்று ரோனா சொல்லிவிட்டாள். எல்ஸ்பெத் மாலை வகுப்புக்குப் போனாள். கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமலிருப்பது, மன்னிப்பை எப்படிக் கேட்பது எல்லாம் அங்கே பாடம். பிள்ளையின் அறைக்குக் கதவு இருக்க வேண்டும் என்றார்களாம். ரோனா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், தன் பழைய அறையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த புதுக் கதவு. அதன் வெளியே அவளைப் பெற்றவள் நின்று, உள்ளே இருந்த கெல்சியிடம் "உள்ள வரலாமா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரோனா தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

இப்போது கெல்சிக்குப் பதினான்கு. முந்தின நாள் கவுன்சிலிலிருந்து மார்ஜரி தொலைபேசியில் கேட்டாள்: "வீடு உங்களுக்குத்தான் வரப்போகுது. அவள உங்களுக்கும் தெரியும். நீங்க பாத்துக்க முடியுமா? இல்லன்னா அபர்டீன்ல ஒரு வீட்ல இடம் இருக்கு. பள்ளிக்கூடம் மாறணும்."

"அபர்டீனுக்கே கூட்டிட்டுப் போங்க. அவளக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்று ரோனா வைத்துவிட்டாள். அடக்கம் முடிந்து தேநீர் முடிந்ததும் கார் வரும் என்று ஏற்பாடு.

இடுகாடு கடலுக்கு மேலே, மேட்டில். காற்றில் பாதிரியார் சொன்னது பாதிக்கு மேல் யார் காதிலும் விழவில்லை. கெடஸ் எண்களைக் கூப்பிட்டார். ஒன்று என்றதும் ரோனா தலைமாட்டில் போய் நின்றாள். இரண்டு என்றார். வில்லி மாமா நகரவில்லை.

"மாமா!" என்று ரோனா பல்லைக் கடித்தாள்.

"எனக்குத் தோள் வராதுடி. அட்டைய அந்தப் பிள்ளைகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்" என்று கிழவர் கடலைப் பார்த்தார். அவருடைய தோளுக்கு ஒரு கேடும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

பள்ளிக் கோட்டு போட்டபடி கெல்சி வந்து கால்மாட்டில் நின்றாள். குழியைச் சுற்றி ஊரே நிற்கிறது, சண்டை போட முடியுமா? ரோனா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். குழியின் குறுக்கே பெட்டியைத் தாங்கியிருந்த கட்டைகளை உருவினார்கள். அம்மாவின் பாரம் மொத்தமும் கைக்கு வந்தது.

கெல்சி கயிற்றை வேகமாக விட்டாள். கால்மாடு தாழ்ந்தது, பெட்டி சரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போய் நிமிர்ந்தது. பாதிரியாரையோ கெடஸையோ அவள் பார்க்கவில்லை, நேராக ரோனாவைப் பார்த்தாள்.

"பிடி" என்றாள் ரோனா. "நான் வர்றேன். அப்படியே பிடி."

கெல்சி பிடித்தாள். ரோனா தன் பக்கம் விட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். "இப்ப விடு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்." ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருவரும் எல்ஸ்பெத்தை அடிவரை இறக்கினார்கள். எல்லோரும் கயிற்றை உள்ளே போட்டார்கள். கெல்சி போடவில்லை. கெடஸ் வந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வரும்போது காரில் அவர்கள் இருவர்தான்.

"நீ வேகமா விட்ட" என்றாள் ரோனா.

"நீதான் லேட்டு."

"உன்னை எனக்குப் பிடிக்கல."

"எனக்கு மட்டும் உன்ன ரொம்பப் பிடிக்குதாக்கும்" என்று கெல்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "கதவைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள்.

"எந்தக் கதவு?"

"உன்னோடது. வளர்ப்புத் தாயாக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு குழு உக்காந்துச்சாம்ல. அவங்க கேக்கவே இல்லயாம். இவங்களாவே சொன்னாங்களாம், எம் பொண்ணு ரூம் கதவைக் கழட்டிட்டேன், அது தப்புன்னு. அதுக்கப்புறம்தான் சரின்னாங்களாம்."

ரோனா காரை ஓரமாக நிறுத்தினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ."

"சொல்லிருக்கணும்" என்றாள் கெல்சி. "நானும் சொன்னேன். உன்னப் பாத்தா பயம்னாங்க."

ரோனா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அடக்கத்தில்கூட அழாதவள். கெல்சி இறங்கிப் போகவில்லை.

மார்ஜரி வாசலிலேயே நின்றிருந்தாள். கெல்சி அவளைத் தாண்டி மாடிக்கு ஏறினாள். வெள்ளைக் கதவு வீடு அதிரச் சாத்தப்பட்டது.

"நேத்துக் கேட்டீங்களே, அத மறுபடி கேளுங்க" என்றாள் ரோனா.

மார்ஜரி சாவியைப் பைக்குள் போட்டாள். "அவளக் கண்டா பத்திக்கிட்டு வருதுன்னீங்க."

"இப்பவும்தான். அது ஆகாதுன்னு சட்டம் இருக்கா?"

"அது இல்ல. வேற நிறைய இருக்கு. உங்க மாஜி புருஷன்கிட்ட பேசுவோம். உங்க அம்மா உங்கள எப்படி வளத்தாங்கன்னு கேட்டுத் துளைச்சிடுவோம்."

"கேளுங்க. எந்த அம்மான்னு சொல்லிக் கேளுங்க. எனக்கு ஒருத்தி, அவளுக்கு ஒருத்தி."

மார்ஜரி மாடிப் பக்கம் கையைக் காட்டினாள். "முதல்ல அவளக் கேக்கணும். அவ வேணாம்னா வேணாம்தான்."

ரோனா மாடி ஏறினாள். தன் பழைய அறைதானே என்று கை நேராகக் கைப்பிடிக்குப் போனது. எடுத்துக்கொண்டாள். தட்டினாள்.

"யாரு?"

"ரோனா."

"போ."

கயிறு அறுத்த உள்ளங்கை எரிந்தது. கீழே மார்ஜரி கெட்டிலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. ரோனா அங்கேயே நின்றிருந்தாள். பிறகு, முன்னைவிட மெதுவாக, இன்னொரு தடவை தட்டினாள்.