எண் இல்லாத கம்பி

வெல்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சூது இல்லை. பற்றவைக்கும்போது இணைப்பில் உருக்கி ஊற்றுகிற ஃபில்லர் கம்பியைத் தலைகீழாகப் பிடிப்பார். அது என்ன ரகம் என்று கம்பியின் ஒரு முனையில் எண் அழுத்தியிருக்கும். புத்தியுள்ளவர்கள் அந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையை உருக்குவார்கள். கம்பி தீரும்வரை எண் கண்ணில் படும். இவர் எண் முனையைத்தான் முதலில் உருக்குவார். தட்டையாக இருப்பதால் சீக்கிரம் உருகுகிறதாம். இருபது வருடமாக இதே பாட்டு. மிச்சத் துண்டுகளை எறியவும் மனசு வராது, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். எது எந்தத் துண்டு என்று அவருக்கே தெரியாது. கேட்டால் தெரியும் என்பார்.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி அவர் மனைவியின் தம்பி. கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிற ஆள், அதனால் அவருக்கே லேபிள் என்று பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அலமாரியில் சரக்கு சரிபார்த்துக்கொண்டிருந்த லேபிள் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

“மாமா, போன வெள்ளிக்கிழமை உங்க தங்கச்சி காருக்கு எதுல பத்த வச்சீங்க?”

“309-லதான். சைலன்சர் பைப்பு எஸ்.எஸ்., அத மாட்டற பிளாஞ்சு சாதா இரும்பு. வேற எதுல வைப்பாங்க?”

“309 பாக்கெட்டோட சீலே உடைக்கல.”

வெல்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் அப்படியே இருந்தது.

“டப்பால பழைய 309 துண்டு இருந்துச்சு.”

“308 துண்டும்தானே இருக்கு?”

308 என்பது எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகை அதே எஃகோடு ஒட்டுவதற்கு. அதை வைத்து இரும்பையும் சேர்த்து ஒட்டினால் முதல் நாள் பளபளவென்றுதான் இருக்கும். பைப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும். அதுவும் இந்த இணைப்பு எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. விரிசலில் கசியும் புகை காருக்குள் வரும்; அதிலுள்ள விஷத்துக்கு வாசனை கிடையாது. வெல்டர் டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். முப்பது நாற்பது துண்டுகள். ஒன்றிலும் எண் இல்லை. காந்தத்தை வைத்துப் பார்த்தார். காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

“பாதிக்குப் பாதி 309-ஆதான் இருக்கும்,” என்றார்.

“இருக்கும்,” என்றார் லேபிள். ஒத்துக்கொண்ட குரலாக இல்லை.

வேறு யார் காராக இருந்தாலும் இந்நேரம் கூப்பிட்டிருப்பார். தங்கை அவரோடு நாலு வருடம் பேசாமல் இருந்தவள். அவள் வீட்டு மாடிப்படிக்கு இவர் போட்ட கைப்பிடி கழன்று, அவள் கணவர் உருண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டார். பார்க்கப் போன வெல்டர், மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “கைப்பிடி பிடிக்கறதுக்கு, சாயறதுக்கு இல்ல” என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். அவள் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். போன வெள்ளிக்கிழமைதான் தானாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, “சைலன்சர் பைப்பு போயிடுச்சு, பாரு” என்றாள். அதைக் கேட்டதில் இவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பாக்கெட்டைத் தேட வேண்டிய கை டப்பாவுக்குள் போயிற்று.

இப்போது கூப்பிட்டு, என் வேலை தப்பு என்றால், அவள் திரும்பவும் போய்விடுவாள். இந்த முறை நாலு வருடத்தோடு நிற்காது. கூப்பிடாவிட்டால் கார் ஓடும். பின்சீட்டில் உட்கார்ந்து அவள் மகள் பள்ளிக்கூடம் போவாள். வெல்டர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். லேபிள் அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நான்தான். கார எடுத்துட்டு வா. இல்ல, எடுக்காத, நானே வரேன். அன்னிக்குப் பத்த வச்சது தப்பு.”

“யார் மேல தப்பு?”

“என் மேலதான். எந்தக் கம்பின்னு பாக்காம வச்சிட்டேன்.”

“நானே கொண்டுவரேன்,” என்று வைத்துவிட்டாள்.

தூறலில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். பைப் ஆறியதும் வெல்டர் காருக்கு அடியில் போய்ப் பார்த்தார். நகத்தால் தடவினாலே விரிசல் தட்டுப்பட்டது. பழைய இணைப்பை முழுதாக அறுத்தெடுத்து, தேய்த்து, காற்றுப் படாமல் பைப்புக்குள் ஆர்கான் வாயு விட்டு, சீலை உடைத்து, எண் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தவைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தங்கை ஸ்டூலை விட்டு எழவில்லை.

“விரிசல் விட்டிருந்துச்சு,” என்றார் கையைத் துடைத்தபடி.

“தெரியும். எங்க தெரு மெக்கானிக் சனிக்கிழமையே சொன்னாரு. தானே சரிபண்ணித் தரேன்னாரு, வேணாம்னுட்டேன்.”

“தெரிஞ்சுமா ஆறு நாளா ஓட்டின?”

“கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டினேன். பாப்பாவ பஸ்ல அனுப்பிட்டேன்.”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?”

“எப்படி ஓடுதுன்னு நீயா ஒரு போன் போடுவியான்னு பாத்தேன்.”

வெல்டர் துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“போடாம இருந்திருந்தா?”

தங்கை சாவியை எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்,” என்றாள்.