நாலு நட்டு

பிலவேந்திரன் சாயந்திரம் முடுக்கிய நட்டுகள் காலையில் தாமாகக் கழன்று, எண்ணெய் துடைக்கப்பட்டு, பேட்டரியின் மேல் வரிசையாக இருந்தன. 1967-ல், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், அவன் வாங்கி மாடு கட்டி இழுத்து வந்த கறுப்பு அம்பாசடரில் இது நடந்தது. அதற்கு முன் சில வருஷம் அவன் லாரி ஓட்டியவன், இஞ்சின் தெரியும். பழைய சொந்தக்காரர் இண்டூர் குப்புராஜ் பாதியில் விட்டுப்போன ரிப்பேர் என்று சொல்லித்தான் அவர் பங்காளிகள் விற்றார்கள். திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். வால்வுகள் நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தன, கேஸ்கெட் புதிது, இஞ்சினை மூடும் ஹெட்டும் சரியாக உட்கார்ந்திருந்தது. நாலு போல்ட்டில் மட்டும் நட்டு இல்லை. ஹெட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. தருமபுரியில் புது நட்டு வாங்கி முடுக்கினான். கழன்றது. மறுபடி முடுக்கினான். மறுபடியும் பேட்டரி மேல் வரிசையாக இருந்தது. அவன் மனைவி ராஜமேரி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க வேல இல்லைன்னு மரியாதையாத்தான் சொல்லுது. யாரு வேலைன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

அவளுக்கு அது நிறைமாதம். முந்திய இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரி போகும் வழியில், கட்டை வண்டியிலேயே பிறந்து இறந்தன. கார் வாங்கியதே அதற்காகத்தான்.

இண்டூரில் குப்புராஜின் மனைவி ஜானகியம்மாள் அவனை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். சாமி மாடத்தில் ஒரு தட்டில் ஸ்பேனரும் நாலு நட்டும் பொரிகடலையோடு இருந்தன. பக்கத்தில் விளக்கு எரிந்தது. மூன்று வருஷமாக யாரும் அதற்கு எண்ணெய் ஊற்றவில்லை. ஆயுத பூசையன்று குப்புராஜ் ஹெட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது பூசை நேரம் வந்துவிட்டது. பூசையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூசை செய்து எடுத்தால்தான் வேலைக்குத் தொடலாம். மறுநாள் அவர் கிணற்றில் குளித்து வந்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். பூசை முடியாமலே நின்றது. கொடியில் அந்தத் துண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று கோடை வெயில் அதன் மேல் அடித்துப் போயிருந்தது.

"குளிச்சிட்டு வந்து மிச்சத்த முடுக்கறேன்னாரு தம்பி. பங்காளிங்க வண்டிய வித்துட்டாங்க. இத மட்டும் நான் குடுக்கல."

"குடுங்கன்னு கேக்க வரலீங்கக்கா. நீங்களே வந்து முடுக்குங்க."

"தாலி அறுத்தவ பூசை சாமானத் தொடலாமான்னு ஊரு கேக்கும்."

"ஞாயித்துக்கெழம வாங்க. கேக்கறவங்க எல்லாம் எங்கூருல மாதா கோயில் பூசைக்குப் போயிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொடியைப் பார்த்தாள். "பூசை முடிஞ்சா துண்டு காஞ்சிருமே, தம்பி," என்றாள்.

அவன் கட்டை வண்டியில் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது ராஜமேரிக்கு வலி எடுத்தது. பிலவேந்திரன் வண்டி மாட்டைத் தேடி ஓடினான். ரோட்டில் பஸ் நிற்பதைப் பார்த்துத் திரும்பி வந்தான். ஜானகியம்மாள் எரியும் விளக்கும் தட்டுமாக இறங்கினாள். ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து வந்திருந்தாள், காற்றில் சுடர் ஆடவில்லை. கண்டக்டர் விளக்குக்கு லக்கேஜ் போடவில்லை. அவள் இஞ்சினுக்குக் கற்பூரம் காட்டினாள், தேங்காய் உடைத்தாள், ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று நட்டை முடுக்கிவிட்டு நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ராஜமேரி முனகுவது கேட்டது.

"இவரு எப்பவுமே கடைசி நட்டுக்கு என்னத்தான் வெளக்குப் புடிக்கச் சொல்லுவாரு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அதையும் முடுக்கினாள். விளக்கு அணைந்தது. பிலவேந்திரன் சாவியைத் திருப்பினான், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் ராஜமேரியின் தலையை ஜானகியம்மாள்தான் மடியில் வைத்துக்கொண்டாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, பலமாக அழுதது.

திரும்பும்போது பிலவேந்திரன் அவளை இண்டூரில் இறக்கிவிட்டான். துண்டு காய்ந்து விறைத்திருந்தது. அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கார் பத்து வருஷத்துக்கு மேல் தீர்த்தமலைக்கும் சந்தைக்கும் ஆள் ஏற்றியது. ஆயுத பூசை அன்று சாயந்திரம் மட்டும் எங்கே இருந்தாலும் நின்றுவிடும். மறுநாள் முதல் பஸ்ஸில் ஜானகியம்மாள் வந்து அந்த நாலு நட்டையும் ஸ்பேனரால் தொட்ட பிறகுதான் கிளம்பும். பிலவேந்திரன் அந்த இரண்டு நாளும் வாடகை பேசுவதில்லை. அவள் கை துடைக்க அந்தத் துண்டையே கொண்டுவருவாள். போகும்முன் ராஜமேரி அதை வாங்கிச் சோப்புப் போட்டு அலசித் தன் வீட்டுக் கொடியில் போடுவாள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் காய்ந்துவிடும்.